ஒற்றும் கணனியும்: இரண்டு உயிர்த்த ஞாயிறுகள் புகட்டும் பாடம்

ஒரு நாட்டை ஆள்வோர்க்குப் படையும் பொருளும் எத்துணை இன்றியமையாதனவோ அத்துணை இன்றியமையாதது செய்தி. எல்லைக்கு அப்பால் என்ன நிகழ்கின்றது, எல்லைக்குள்ளே எவ்விதத் தீங்கு உருவாகின்றது என்பவற்றை அறியாத அரசு கண்ணிருந்தும் காணாத அரசேயாகும். இவ்வுண்மையை எம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் பொருட்பாலிலே ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரத்தை இதற்கென்றே வகுத்தார். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் அது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு அவர்களை ஆளுதல் வேண்டும், மூவர் சொல் ஒத்தவிடத்தே அதனை நம்புதல் வேண்டும் என அவர் வகுத்த நெறி இன்றைய புலனாய்வு நிறுவனங்களும் போற்றும் நெறியேயாம்.

இராம கதையிலும் ஒற்றர் வருகின்றனர். இராவணன் ஏவலால் சுகன், சாரணன் என்னும் இருவர் வானர வடிவெடுத்து இராமனது பாசறையுட் புகுந்தனர். வீடணனால் அடையாளங் காணப்பட்டுப் பிடிபட்டனர். பின்னர் இராமனால் விடுவிக்கப்பட்டனர். மீண்டு வந்து அவர்கள் கூறிய செய்தி உண்மையானது. ஆயின் வான்மீகியின் கதையிலே இராவணன் அவ்வுண்மையைப் பொறாது அவர்களைக் கடிந்து துரத்துகின்றான். மிசன் பாடசாலையிற் பயின்ற எமக்கு விவிலியத்தின் எண்ணாகமக் கதையும் நினைவுக்கு வருகின்றது. மோசே கானான் நாட்டை வேவுபார்க்கப் பன்னிருவரை அனுப்பினான். நாற்பது நாள் சுற்றிய பன்னிருவரும் கண்டது ஒரே நாட்டை. எனினும் பதின்மர் அஞ்சி ஒன்று கூறினர்; யோசுவாவும் காலேபும் துணிந்து வேறொன்று கூறினர்.

இக்கதைகளிலிருந்து நாம் பெறத்தக்க தெளிவு ஒன்றுண்டு. புலனாய்வு என்பது ஒரு தொழிலன்று. மூன்று தொழில்களின் கூட்டு. முதலாவது, செய்தியைத் திரட்டல். இரண்டாவது, திரட்டிய செய்தியைத் தெளிதல். மூன்றாவது, தெளிந்தவாறு செயற்படல். கடந்த 80 ஆண்டுகளிலே இலக்கமுறைக் கருவிகள் இவற்றுள் முதலாவதை அடியோடு மாற்றிவிட்டன. இரண்டாவதை ஓரளவுக்கு மாற்றியுள்ளன. மூன்றாவதை அவற்றால் மாற்ற இயலவில்லை. இதுவே நாம் இக்கட்டுரையிற் காட்ட முற்படும் கருத்து. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 77 ஆண்டு இடைவெளியில் இலங்கைத்தீவு கண்ட இரண்டு உயிர்த்த ஞாயிறுகளே போதிய சான்றாகும்.

கம்பியும் காற்றும்

பழங்காலத்திற் செய்தி மனிதனுடைய காலின் வேகத்திலும், குதிரையின் வேகத்திலும், பாய்க்கப்பலின் வேகத்திலுமே சென்றது. 1858ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டபோது இந்நிலை இலங்கையில் மாறத் தொடங்கிற்று. காலித் துறைமுகத்திற்குக் கப்பல் கொணர்ந்த ஐரோப்பியச் செய்தி சில நிமிடங்களிற் கொழும்பை அடைந்தது. ஆயினும் கம்பியிற் செல்லும் செய்தியைக் களவாகக் கேட்க வேண்டுமாயின் அக்கம்பியைத் தொட வேண்டும். கம்பியில்லாத் தந்தி வந்தபின்னர் அத்தடையும் நீங்கிற்று. காற்றிலே பரவும் செய்தி நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒருங்கே கேட்கும். ஆகவே செய்தியை மறைக்கச் சங்கேதமும், சங்கேதத்தை உடைக்கக் கணிதமும் வேண்டியனவாயின.

இக்கணிதப் போரின் களங்களுள் ஒன்றாகக் கொழும்பு விளங்கியது என்பதை எம் இளைஞரிற் பலர் அறியார். யப்பானியரின் கடற்படைச் செய்திகளை ஒற்றுக்கேட்பதற்காகப் பிரித்தானியர் 1935இல் ஹொங்கொங்கில் நிறுவிய தூரகிழக்கு இணைப்புப் பணியகம் 1939இற் சிங்கப்பூருக்கு மாறியது; சிங்கப்பூர் வீழும் நிலை எய்தவே 1942 ஜனவரியிற் கொழும்புக்கு வந்தது. பெம்புரோக் கல்லூரி என்ற பாடசாலையின் கட்டடமே அதன் பணிமனையாயிற்று. பிள்ளைகள் கணக்குச் செய்த இடத்திலே கடற்போரின் கணக்குகள் செய்யப்பட்டன.

அக்கணக்கு எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் பயனுடைத்து. யப்பானியக் கடற்படையின் முதன்மைச் சங்கேதத்தை நேச நாட்டினர் ஜே.என்.-25 என அழைத்தனர். அதிலே ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்கங்கொண்ட ஓர் எண் உண்டு. அனுப்புபவர் அவ்வெண்ணுடன் வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த மற்றோர் எண்ணைக் கூட்டுவார். ஆனால் பத்தைத் தாண்டினால் மிகுதியை அடுத்த தானத்துக்குக் கொண்டுசெல்லார். உதாரணமாக ஒரு சொல்லின் எண் 41325 எனவும், கூட்டும் எண் 70486 எனவும் கொள்வோமாயின் காற்றிற் செல்வது 11701 ஆகும். கேட்பவனுக்கு இது பொருளற்ற இலக்கக் குவியல். ஆயின் ஒரு பலவீனம் இருந்தது. செய்தி வழியிற் சிதைந்ததா என்று சரிபார்ப்பதற்காக யப்பானியர் சொற்களுக்குரிய எண்கள் யாவற்றையும் மூன்றால் வகுபடுவனவாக அமைத்திருந்தனர். மேலே காட்டிய 41325இன் இலக்கங்களைக் கூட்டினால் 15. அது மூன்றால் வகுபடும். சங்கேதம் உடைப்போர் கூட்டிய எண்ணை ஊகித்துக் கழித்துப் பார்ப்பர். எஞ்சியவை எல்லாம் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரியென்று அறிவர். பாதுகாப்புக்கென வைத்த பூட்டே திறவுகோலாயிற்று.

இங்கே கருதத்தக்கது யாதெனில், கணனி பிறக்குமுன்னரே செய்தி இலக்கமாக மாறிவிட்டது என்பதேயாம். சொல்லை எண்ணாக்கி, எண்ணைக் கணித்து, மீண்டும் சொல்லாக்கல் என்பதே இலக்கமுறையின் உயிர்நாடி. 1942இல் அதைச் செய்தவை மனித மூளைகளும், பென்சிலும், கடதாசியும். கணனி செய்தது அவ்வேலையின் வேகத்தைப் பெருக்கியமையே.

முதல் ஞாயிறு

1942 மார்ச் மாதத்திற் கொழும்புப் பணியகத்தார் ஒரு பெருந்தாக்குதல் வரவிருப்பதைச் செய்திகளிலிருந்து கண்டனர். இலக்கு எதுவென்பது முதலில் விளங்கவில்லை; இடப்பெயர் எழுத்துக் குறியால் மறைக்கப்பட்டிருந்தது. பின்னர் யப்பானிய அஞ்சற்காரர் ஒருவர் ஒரு செய்தியிற் கொழும்பின் பெயரை அசை அசையாக யப்பானிய ஒலியெழுத்திலேயே அனுப்பிவிட்டார். ஒருவரது அசட்டையினால் மறைபொருள் வெளிப்பட்டது. தாக்குதல் ஏப்ரில் 1ஆந் திகதியளவில் நிகழும் எனக் கணிக்கப்பட்டது.

அட்மிரல் சொமவில் தம் கடற்படையுடன் இலங்கையின் தெற்கே காத்திருந்தார். ஏப்ரில் 1 வந்தது, பகைவர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. எரிபொருளும் நீரும் குறையவே பெரும்பகுதிக் கப்பல்களுடன் மாலைதீவின் அட்டு பவளத்தீவுக்குச் சென்றார். டோர்செற்சயர், கோர்ண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டன. ஏப்ரில் 4ஆந் திகதி மாலை, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலைனா விமானமொன்று இலங்கையின் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சால் என்னும் கனேடியர். அவர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் சிறைப்பட்டார், செய்தி கொழும்பை அடைந்தது.

மறுநாள் ஏப்ரில் 5, உயிர்த்த ஞாயிறு. துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தன. இது ஒற்றுச் செய்தியின் வெற்றி. ஆயின் அன்று காலை யப்பானிய விமானங்கள் வந்த செய்தி இரத்மலானை விமானத்தளத்துக்கு உரிய வேளையில் எட்டவில்லை. விமானங்கள் தரையில் நிற்கையிலேயே பகைவர் தலைக்கு மேல் வந்துவிட்டனர். வாரக்கணக்கில் முன்னறிந்த செய்தி கடைசிச் சில நிமிடங்களிலே கைநழுவிற்று. அன்றே டோர்செற்சயரும் கோர்ண்வோலும் கடலில் மூழ்கின. 424 பேர் மாண்டனர். ஏப்ரில் 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது.

இதன்பின் சங்கேதப் பணியகத்தின் பெரும்பகுதி கிழக்காபிரிக்காவின் மொம்பாசாவுக்கு அருகேயுள்ள கிலிண்டினிக்குப் போயிற்று. அங்கும் இந்தியர் நடாத்திய பாடசாலையொன்றே அதற்கு இருப்பிடமாயிற்று. 1943இல் அது மீண்டும் கொழும்புக்கு வந்து, அன்டர்சன் என்னும் நிலையத்திற் பணியாற்றியது. யப்பானிய மோர்ஸ் ஒலிகளைக் காதிற் பொறிமாட்டி இரவுபகலாகக் கேட்டெழுதியவருள் இளம் பெண்கள் பலர் இருந்தனர்.

முதல் ஞாயிறு எமக்குக் கூறுவது இது: அக்காலத்தில் அரியது செய்தியே. நூற்றுக்கணக்கானோர் உழைத்து ஒரு செய்தியைப் பெற்றனர். பெற்ற செய்தி குறையுடையது. திகதி நான்கு நாள் பிழைத்தது. எனினும் அதனை அறிந்தவர் நம்பினர். நம்பியவர் இயன்றவரை செயற்பட்டனர்.

கணனியின் வருகை

அதே யுத்தகாலத்திலே இங்கிலாந்தின் பிளெச்சிலி பார்க் என்னுமிடத்தில் வேறொரு வேலை நிகழ்ந்தது. தபால் திணைக்களப் பொறியியலாளர் தொமி ஃபிளவர்ஸ் அமைத்த ‘கொலோசஸ்’ என்னும் மின்னணுப் பொறி 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஜெர்மனியப் படைத்தலைமையின் சங்கேதங்களை உடைக்க உதவிற்று. உலகின் முதற் கணனிகளுள் ஒன்று பள்ளிக்கூடத்திலோ வணிக நிலையத்திலோ அன்றி, ஒற்றுவேலைக்கெனவே பிறந்தது. அதன் இருப்பே 1970கள்வரை இரகசியமாக இருந்தது.

யுத்தம் முடிந்தபின் அமெரிக்கா 1952இலே தேசிய பாதுகாப்பு முகவரகத்தை நிறுவிற்று. கணனிகளை மிகுதியாக வாங்கியும் உருவாக்கியும் பயன்படுத்தியோருள் அந்நிறுவனமும் ஒன்றாயிற்று. கேட்கும் செவி வளர்ந்தவாறே காணும் கண்ணும் வளர்ந்தது. 1960 ஓகஸ்ற் மாதத்தில் ‘கொரோனா’ என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் சோவியத் நாட்டைப் படம் பிடித்து, படச்சுருளை விண்ணிலிருந்து கீழே போட்டது. விமானமொன்று பசிபிக் சமுத்திரத்திற்கு மேலே பரசூற்றுடன் அதனைக் கொக்கியாற் பிடித்தது. அந்த ஒரு பயணத்திற் கிடைத்த படங்கள், அதற்கு முன்னர் உளவு விமானங்கள் எல்லாம் எடுத்த படங்களிலும் பரந்த நிலப்பரப்பைக் காட்டின. ஆயினும் சுருள் கீழே வந்து, கழுவி, அச்சிட்டு, ஆராய்வதற்குள் நாட்கள் கழிந்தன. 1968இற் சோவியத் படைகள் செக்கோசிலோவாக்கியாவிற் புகுந்தபோது, படை குவிந்ததைக் காட்டிய படச்சுருள் படையெடுப்பின் பின்னரே கைக்கு வந்து சேர்ந்தது.

1976 டிசெம்பரில் ஏவப்பட்ட கே.எச்.-11 என்னும் செயற்கைக்கோள் இக்குறையைத் தீர்த்தது. அதிற் படச்சுருள் இல்லை. ஒளியை எண்ணாக்கி, எண்ணை வானொலி அலையாக்கி உடனே அனுப்பிவிடும். 1977 ஜனவரியில் அமெரிக்க சனாதிபதி காட்டர் பதவியேற்ற மறுநாளே அதன் முதற் படங்களைப் பார்வையிட்டார். நாட்கணக்கு நிமிடக்கணக்காயிற்று.

அதே 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர், முன்பின் சந்தியாத இருவர் இரகசியச் சாவியொன்றை வெளிப்படையான வழியிலேயே ஏற்படுத்திக்கொள்ளக் கணிதமுறை ஒன்றை வெளியிட்டனர். பிரித்தானிய ஒற்றுக்கேட்பு நிலையத்தார் இதனையொத்த கருத்துக்களைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தும் 1997வரை வெளியிடவில்லை. இன்று வங்கியிற் பணம் அனுப்புபவரும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் கைத்தொலைபேசியிற் பேசும் தாயும் இக்கணிதவழி வந்த சங்கேதங்களையே தம்மையறியாமற் பயன்படுத்துகின்றனர். ஒரு காலத்தில் அரசர்க்கும் தளபதிகட்கும் மட்டும் உரியதாயிருந்த மறைமொழி எல்லார்க்கும் பொதுவாயிற்று.

ஆயின் மறைமொழி உள்ளடக்கத்தையே மறைக்கும். யார், யாருடன், எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம் பேசினார் என்பதை அது மறைப்பதில்லை. தபாற்காரர் கடிதத்தைப் பிரியாமலே உறையின் மேலுள்ள விலாசத்தையும் முத்திரையையும் பார்த்துப் பலவற்றை ஊகிக்கலாம் அன்றோ? அத்தகைய உறைகளைக் கோடிக்கணக்கில் அடுக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உறவுகளைக் கோடிட்டுக் காட்டுவது கணனிக்கு எளிய வேலை. 2013 ஜூன் மாதத்தில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் இவ்வேலையை எத்துணைப் பெரிய அளவிற் செய்கின்றன என்பதை உலகுக்குக் காட்டின. முன்பு சந்தேகம் முதலில் வந்தது. ஒற்று பின்னர் சென்றது. இப்பொழுதோ எல்லாருடைய செய்தியும் முதலிற் சேர்க்கப்படுகின்றது. சந்தேகம் பின்னர் பிறக்கின்றது. இலக்கமுறை கொணர்ந்த மாற்றங்களுள் இதுவே தலையாயது.

எமது குடாநாட்டில்

உலகத்தின் கதை இவ்வாறாக, எமது மண்ணின் கதையையும் சிறிது நோக்குவாம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. 1979இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பகுதியாயிருந்த புலனாய்வு வேலை 1984இற் தேசிய புலனாய்வுப் பணியகம் என்ற தனி நிறுவனத்தின் கீழ் வந்தது; பின்னர் அதுவே அரச புலனாய்வுச் சேவை எனப் பெயர் மாறிற்று.

யுத்த காலத்திற் குடாநாட்டு மக்கள் அறிந்த புலனாய்வு கணனியன்று, ‘தலையாட்டி’. பெரியோர் கண்டிருப்பர், இளையோர் கேட்டிருப்பர். ஊர் சுற்றிவளைக்கப்படும். ஆண்கள் பாடசாலை வளவிலோ கோயில் வீதியிலோ வரிசையாக நடத்தப்படுவர். சாக்கினால் முகம் மறைத்த ஒருவர் வாகனத்துள் அமர்ந்திருப்பார். அவர் தலை அசைந்தால் வரிசையிலிருந்து ஒருவர் பிரிக்கப்படுவார். அசைத்தவர் யார், அறிந்து அசைத்தாரா, அடிக்கு அஞ்சி அசைத்தாரா, பழைய காணிப் பகையால் அசைத்தாரா என்று கேட்க வழியில்லை. மறுபுறத்தில் இயக்கங்களுக்கும் உளவுப் பிரிவுகள் இருந்தன. ‘துரோகி’ என்ற ஒரு சொல் விசாரணையின்றிப் பலர் உயிரைக் குடித்ததையும் மறைத்தல் தகாது. இரு பக்கத்திலும் செய்தி இருந்தது. வள்ளுவர் வேண்டிய மூவர் சொல்லின் ஒப்பு இருக்கவில்லை.

மக்களும் செய்திக்காக ஏங்கிய காலம் அது. 1990களில் மின்சாரமில்லை, பற்றறி குடாநாட்டுக்குட் கொண்டுவரத் தடை. எம் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். இலண்டனிலிருந்து வந்த தமிழோசையைக் கேட்க ஒருவர் மாறி ஒருவர் சில்லுச் சுழற்றிய கதை வீடுதோறும் உண்டு. அக்கால அரிய செய்தியின் பெறுமதியை அந்தத் தலைமுறை நன்கறியும்.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஒவ்வொரு இணைப்பும் அடையாள அட்டை இலக்கத்துடன் பதியப்பட்டிருக்கின்றது. 2016 முதல் அவ்விலக்கமும் பன்னிரண்டு தானங்கள் கொண்டதாக வழங்கப்படுகின்றது. செய்திக்கு முடை இல்லை. செய்தி வெள்ளமாகப் பெருகுகின்றது. இவ்வெள்ளம் நாட்டைக் காத்ததா என்பதை இரண்டாவது ஞாயிறு காட்டும்.

இரண்டாம் ஞாயிறு

2018 நவம்பர் 30ஆந் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் வவுணதீவிலே சோதனைச்சாவடியொன்றில் இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். சந்தேகம் உடனே பழைய வழியிற் சென்றது. முன்னாட் போராளி ஒருவர் கைதாகிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டார். உண்மையிற் கொலை செய்தோர் சஹ்ரான் ஹாசிமின் குழுவினர் என்பது உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரே வெளிப்பட்டது. அப்பொழுதே அம்மனிதர் விடுவிக்கப்பட்டார். ஒரு நிரபராதி ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார் என்பது ஒரு தீங்கு. அந்த ஐந்து மாதங்களும் உண்மைக் குற்றவாளிகளுக்கு வாய்ப்பாயின என்பது அதனினும் பெரிய தீங்கு.

2019 ஏப்ரில் 4ஆந் திகதி இந்தியப் புலனாய்வாளரிடமிருந்து இலங்கை அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை வந்தது. அதிற் சஹ்ரானின் பெயர் இருந்தது. தேவாலயங்கள் இலக்காகலாம் என்ற குறிப்பும் இருந்தது. ஏப்ரில் 9ஆந் திகதி தேசிய புலனாய்வுத் தலைவரிடமிருந்து பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் சென்றது. ஏப்ரில் 11ஆந் திகதி பொலிஸ் பிரிவுகள் சிலவற்றுக்குச் சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. ஏப்ரில் 20ஆந் திகதியும் மீண்டும் எச்சரிக்கை வந்தது. ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் மாண்டவருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த தமிழ்ச் சிறுவர்.

1942இல் எண்ணற்ற இலக்கங்களைக் கழித்தும் வகுத்தும் கிடைக்காத தெளிவு 2019இல் பெயருடன் வந்தது. மூழ்கும் விமானத்திலிருந்து அரைகுறையாக வந்த செய்திக்குக் கப்பல்கள் நகர்ந்தன. மேசைமேல் முழுதாக வந்த கடிதத்திற்குத் தேவாலய வாயிலில் ஒரு காவலர்தானும் கூடுதலாக நிற்கவில்லை. பாராளுமன்றத் தெரிவுக்குழு 2019 ஒக்டோபரில் இத்தவறுகளை ஆராய்ந்து அறிக்கையிட்டது. 2023 ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்து, முன்னாட் சனாதிபதி 10 கோடி ரூபாவும், முன்னாட் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாட் பணிப்பாளரும் தலைக்கு 7.5 கோடி ரூபாவும், முன்னாட் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி ரூபாவும், முன்னாட் தேசிய புலனாய்வுத் தலைவர் 1 கோடி ரூபாவும் நட்டஈடாகத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்துமாறு கட்டளையிட்டது. செய்தியைப் பெற்றும் செயற்படாதிருத்தல் குற்றமென நாட்டின் உச்ச மன்று கூறியமை புலனாய்வின் வரலாற்றிற் குறிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

இக்குறை எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1973 ஒக்டோபரில் எகிப்தும் சிரியாவும் தாக்கவிருந்தமைக்கான அறிகுறிகள் இஸ்ரவேலிடம் இருந்தன. பகைவர் இப்பொழுது போர் தொடங்கார் என்ற முற்கோட்பாடு கண்ணை மறைத்தது. 2001 செப்ரெம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணைக்குழு, அமெரிக்க நிறுவனங்கள் தாமறிந்தவற்றை ஒன்றோடொன்று பகிராமையைப் பெருங்குறையாக எடுத்துக் காட்டிற்று. உலகின் மிகப்பெரிய கணனிகளை உடையவர்க்கும் இதுவே கதி.

பொறியின் தலையசைப்பு

இனி, கணனி தெளிதலையும் தானே செய்துவிடும் என்று கூறுவோர் உளர். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும், தொலைபேசித் தொடர்பைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவரைச் சொல்லும் என்கின்றனர். இதிலே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்பாம். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சம். அவர்களுள் 10 பேர் தீங்கு எண்ணுபவர் என்றும், 100 பேரைப் பார்த்தால் ஒருவரில் மட்டும் பிழைவிடும் நல்ல பொறியொன்று உண்டு என்றும் கற்பனை செய்வோம். அப்பொறி அந்தப் பத்துப் பேரையும் பிடித்தாலும், அவர்களுடன் குற்றமற்ற ஏறத்தாழ 6,000 பேரையும் சேர்த்துச் சுட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்பது கேட்க இனிது. ஆயின் சுட்டப்பட்ட 600 பேரில் ஏறத்தாழ ஒருவரே குற்றவாளி. மிகுதியானோர் வீட்டுப் படலையில் நள்ளிரவிலே தட்டுவது யார் பொறுப்பு?

தலையாட்டிக்கு முகமில்லை, இப்பொறிக்கும் முகமில்லை. தலையாட்டியை ஏன் அசைத்தாய் என்று கேட்க முடியவில்லை. பொறியையும் கேட்க முடிவதில்லை. வேற்றுமை ஒன்றே: சாக்கு அணிந்தவர் ஒரு நாளில் ஓரூரை மட்டும் பார்த்தார், பொறி ஒரு கணத்தில் நாடு முழுவதையும் பார்க்கும். ஆகவே பழைய தீமை புதிய கருவியில் நூறு மடங்காகாமற் காத்தல் வேண்டும்.

காப்பது எங்ஙனம்? பிற நாடுகள் சில வழிகளைக் கண்டுள்ளன. அமெரிக்காவில் 1975இற் செனற் சபைக் குழுவொன்று உளவு நிறுவனங்களின் அத்துமீறல்களை ஆராய்ந்தது. 1978இல் ஒற்றுக்கேட்புக்கு அனுமதி வழங்கத் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. பிரித்தானியா 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைச்சரின் ஆணையை நீதித்துறை ஆணையாளரும் ஒப்ப வேண்டும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஓகஸ்ற் 24ஆந் திகதி அந்தரங்கம் அடிப்படை உரிமையெனத் தீர்ப்பளித்தனர். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனியாகக் கூறப்படவில்லை. இவ்வழிகள் எதுவும் பூரணமானதன்று. ஆயினும் யாவற்றிலும் ஒரு கருத்தே ஊடுருவி நிற்கின்றது: கேட்பவரையும் ஒருவர் கேட்க வேண்டும். அரசைக் காக்கும் செவிக்கும் சட்டமென்னும் காவல் வேண்டும்.

அத்தகைய காவல் புலனாய்வைப் பலவீனமாக்கும் என எண்ணுதல் தவறு. வவுணதீவில் நிரபராதியைப் பிடித்த கை, குற்றவாளியை விட்ட கையேயாகும். ஒரு சாராரைப் பிறவியினாற் சந்தேகிக்கும் அரசு மற்றெல்லாப் பக்கமும் குருடாகின்றது. நீதி பாதுகாப்புக்குப் பகையன்று, தெளிதலுக்குத் துணை.

இளைஞர்காள்! இக்கலையின் முதற்பகுதி இனிப் பொறிகளுக்கே உரியது. அதிற் போட்டியிட்டுப் பயனில்லை. தெளிதலும் செயலும் மனிதர்க்கே உரியன. கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்போம். ‘நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது’ என்று சொல்லப்படும்போது எத்தனை பேரில் என்று கேட்கப் பழகுவோம். சிங்களமும் ஆங்கிலமும் கற்போம். அயலாரின் மொழி அறியாதவர் அயலாரைப் பற்றி வதந்தியையே அறிவர். கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தவுடன் அதனை மற்றொருவருக்குத் தட்டிவிடுமுன் வேறிரு வாயிலால் ஒப்பிட்டுப் பார்ப்போம். நாம் அனுப்பும் வதந்தியும் ஒரு தலையசைப்பே.

பெரியோர்க்கு எமது பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. சுற்றிவளைப்பும் சோதனைச்சாவடியும் கண்ட தலைமுறை தாம் கண்டதை எழுதியும் சொல்லியும் வைத்தல் வேண்டும். பொறிகளின் நினைவிற் பதிவு மட்டுமே இருக்கும். அப்பதிவு பிழையாயின் அதனால் ஒரு மனிதன் பட்ட துன்பம் அதில் இராது. அதனை உரைக்க மனிதரே வேண்டும். உரைக்கும் வாயும் கேட்கும் செவியும் ஒரு சமூகத்தில் உள்ளவரை, எந்தப் பொறியின் தலையசைப்பும் இறுதித் தீர்ப்பாகாது.